ஒருசந்தியும் எடைத்தராசும்

கத்தோலிக்க ஞானோபதேசம் தலையான பாவங்கள் என்று எண்ணும் ஏழனுள் போசனப்பிரியமும் ஒன்று. உணவின்மீது கொள்ளும் கட்டுக்கடங்காத ஆசையைக் குறிக்கும் இச்சொல்லுக்கு நிகராகப் பழைய வேதாகமத் தமிழில் பெருந்தீனி என்ற சொல் வழங்குகிறது. கி.பி. 590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்த பெரிய கிரகோரி, இப்பாவம் ஐந்து வழிகளில் நேரும் என்று வகுத்தார். வேளை வருமுன் உண்பது, விலையுயர்ந்த பண்டங்களையே நாடுவது, பக்குவத்தில் மிகையான நுணுக்கம் பார்ப்பது, அளவை மீறி உண்பது, பறந்துகொண்டு விழுங்குவது என்பன அவை. 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இவ்வைந்தையும் ஏற்று விரித்துரைத்தார். இவற்றில் உண்பவரின் மனப்பாங்கும் உண்ணும் முறையும் பேசப்படுகின்றனவே தவிர, அவருடைய இடுப்பளவோ உடல் எடையோ ஓரிடத்திலும் பேசப்படவில்லை. மெலிந்த உடலுடையவர் போசனப்பிரியராக இருக்கலாம் என்பதும், பருத்த உடலுடையவர் அப்பாவத்தின் நிழல்கூடப் படாதவராக இருக்கலாம் என்பதும் இவ்வகுப்பிலிருந்து தாமே பெறப்படும். பெண்ணின் உடல் குறித்துக் கிறிஸ்தவ மரபு சொன்னவற்றை ஆராயும் எவரும் இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில், பிற்காலத்தில் நேர்ந்த துன்பங்களுள் பல இது மறக்கப்பட்டதால் விளைந்தவை.

மறதி முழுமையடைந்த இடம் 20ஆம் நூற்றாண்டின் அமெரிக்கா. பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகர் சார்லி ஷெட், ஜெபத்தின் மூலம் உடல் எடையைக் குறைப்பது பற்றி 1957இல் ஒரு நூல் வெளியிட்டார். பருமனை ஒரு பாவமாகவே, அதுவும் தராசில் நிறுத்துக் காட்டக்கூடிய பாவமாகவே, அந்நூல் விளக்கியது. அதன்பின் இவ்வகை நூல்களும், சபை வளாகங்களிலேயே கூடி எடை பார்த்து, உணவுக் கணக்கு எழுதி, ஜெபித்துக் கலையும் குழுக்களும் பெருகின. ஹூஸ்டன் நகரின் முதல் பாப்டிஸ்ட் சபையில் 1981இல் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட் பிளேஸ்’ என்னும் திட்டம் அவற்றுள் பெயர்பெற்றது. இக்குழுக்களில் சேர்ந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். சமயவரலாற்றாசிரியர் மேரி கிரிஃபித் 2004இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இவ்வியக்கத்தின் வரலாற்றை விரிவாகக் காட்டியிருக்கிறார்.

இவ்வரிசையில் மிகுந்த செல்வாக்குப் பெற்றவர் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த க்வென் ஷாம்ப்ளின். உணவியல் பயின்ற அவர் 1986இல் ‘வெய் டவுன்’ என்ற பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். இன்ன உணவு ஆகும், இன்னது ஆகாது என்ற பத்தியம் எதுவும் அதில் கிடையாது. வயிறு பசித்து இரையும்வரை காத்திருந்து, விரும்பியதைச் சிறிதளவே உண்டு, நிறைவு தோன்றியதும் கையைக் கழுவிவிட வேண்டும் என்பதே அவர் கற்பித்த முறை. கேட்பதற்கு எளிமையாகவும் அறிவுக்குப் பொருந்துவதாகவும் தோன்றும் இம்முறைக்கு அவர் கொடுத்த விளக்கத்தில்தான் சிக்கல் இருந்தது. மனத்தின் வெறுமையைக் கடவுளைக் கொண்டு நிரப்பாமல் உணவைக் கொண்டு நிரப்புவதால் எடை கூடுகிறது என்றும், உணவுக்குத் தலைவணங்குவது விக்கிரக ஆராதனைக்கு ஒப்பானது என்றும் அவர் போதித்தார். அப்படியானால் எடை குறையாத பெண் கடவுளுக்குக் கீழ்ப்படியாதவள் என்றாகிறது. தைராய்டுக் கோளாறு, மகப்பேறு, மாதவிடாய் நிற்கும் பருவம், மருந்துகளின் பக்கவிளைவு, பரம்பரை என உடல் பருப்பதற்கு மருத்துவம் காட்டும் காரணங்கள் அனைத்தும் இப்போதனையின் முன் சாக்குப்போக்குகளாகச் சுருங்கிவிடுகின்றன.

1997இல் வெளிவந்த அவருடைய நூல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றது. வகுப்புகள் பல சபைப் பிரிவுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான ஆலயங்களில் நடந்தன. 1999இல் அவர் ‘ரெம்னண்ட் ஃபெல்லோஷிப்’ என்ற பெயரில் தனிச் சபை ஒன்றை நிறுவினார். மறு ஆண்டில், பிதா, சுதன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவக் கோட்பாட்டை மறுத்து அவர் எழுதியதும் பல சபைகள் அவருடைய வகுப்புகளைக் கைவிட்டன. பதிப்பகம் ஒன்று அவருடைய புதிய நூலை நிறுத்தியது. 2021 மே 29 அன்று நேர்ந்த விமான விபத்தில் அவர் இறந்தார். இதில் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. திரித்துவத்தை மறுத்தபோது விழித்துக்கொண்ட சபைகள், மெலிவைப் பரிசுத்தத்தின் அடையாளமாக அவர் கற்பித்த ஆண்டுகளில் அதையும் ஒரு தப்பறையாகக் காணவில்லை. மனித உடலைப் பற்றிய தவறான போதனையும் தவறான போதனையே என்பது அவர்களுக்கு உறைக்காமற் போனது வருந்தத்தக்கது.

ஆயினும், மெலிந்த பெண்ணுடலுக்கும் பரிசுத்தத்துக்கும் முடிச்சுப் போடும் வழக்கம் அமெரிக்காவில் பிறந்ததன்று. 4ஆம் நூற்றாண்டின் உரோமை நகரில், வேதாகமத்தை லத்தீனில் பெயர்த்த புனித ஜெரோம், உயர்குடிப் பெண்கள் சிலருக்கு ஞான குருவாக இருந்தார். யூஸ்டோக்கியம் என்ற இளம்பெண்ணுக்கு 384இல் எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், நோன்பினால் முகம் வெளுத்து உடல் மெலிந்த பெண்களையே தோழியராகக் கொள்ளும்படி அவர் அறிவுறுத்தினார். அவளுடைய அக்காள் பிளெசில்லா, மணமாகிச் சில மாதங்களிலேயே கணவனை இழந்தவர். கடுங்காய்ச்சலிலிருந்து எழுந்தபின் ஜெரோமின் வழிகாட்டுதலில் கடும் தவத்தில் இறங்கிய அவர், சில மாதங்களில், ஏறத்தாழ இருபது வயதில் இறந்தார். அடக்கச் சடங்கில் தாய் பவுலா மயங்கி விழுந்தபோது, நோன்பே மகளைக் கொன்றது என்று கூட்டம் முணுமுணுத்தது. அதற்குப் பின் பவுலாவுக்கு எழுதிய கடிதத்தில் அந்த முணுமுணுப்பைப் பதிவுசெய்தவர் ஜெரோமே. அதே கடிதத்தில் தாயின் அளவுகடந்த அழுகையையும் அவர் கண்டித்தார். மறு ஆண்டு அவர் உரோமையை விட்டு வெளியேறினார். புனிதரின் கல்வியைப் போற்றுவோரும், இந்த ஒரு செய்தியில் கூட்டத்தின் பக்கமே நியாயம் இருந்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இத்தாலியின் சியன்னா நகரப் புனித கத்தரீன் வரலாறு இதைவிடச் சிக்கலானது. 1347இல் சாயத்தொழில் செய்த குடும்பத்தில், இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுள் ஒருவராக அவர் பிறந்தார். அக்காள் பொனவெந்தூரா மகப்பேற்றில் இறந்தபின் குடும்பத்தார் தமக்குத் திருமண ஏற்பாடு செய்தபோது, கத்தரீன் தம் கூந்தலைக் கத்தரித்து எறிந்தார். பதின்பருவத்தில் தொடங்கிய நோன்பு ஆண்டுக்கு ஆண்டு கடுமையாகி, ரொட்டியும் நின்று, கசப்புக் கீரையை மென்று சாற்றை மட்டும் விழுங்கிச் சக்கையைத் துப்பும் நிலைக்கு வந்தது. உள்ளே சென்ற சிறிதளவும் வயிற்றில் தங்காமல் பெரும் வேதனை தந்து வெளியேறியது என்று அவருடைய ஆன்ம குருவும் வரலாற்றாசிரியருமான கப்புவா ரெய்மண்டு எழுதுகிறார். உண்ணும்படி முந்தைய குரு ஒருவர் கட்டளையிட்டும் பயனில்லை. குறை கூறிய துறவி ஒருவருக்கு எழுதிய மடலில், மற்றவர்களைப் போல உண்ணும் வரத்தைத் தாம் கடவுளிடம் கேட்டு மன்றாடுவதாகக் கத்தரீனே குறிப்பிடுகிறார். தம் நிலையை அவர் ஒரு பிணியாகவே உணர்ந்திருந்தார் என்பதற்கும், பிறர் பின்பற்றத்தக்க வழியாக அதை எண்ணவில்லை என்பதற்கும் இம்மடல் சான்று. தவம் கருவியே அன்றி இலக்கு அன்று என்று பிறருக்கு அவர் கற்பித்ததும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பிரான்சின் அவிஞ்ஞோனில் தங்கியிருந்த திருத்தந்தை பதினோராம் கிரகோரியை உரோமைக்குத் திரும்புமாறு 1376இல் நேரில் வற்புறுத்திய அந்தப் பெண்மணி, 1380 ஏப்ரல் 29 அன்று, 33 வயதில் மறைந்தார். 1461இல் புனிதர் பட்டமும், 1970இல் மறைவல்லுநர் என்னும் பட்டமும் அவருக்கு வழங்கப்பட்டன.

இத்தகைய நோன்பைப் புரிந்துகொள்வதில் வரலாற்றாசிரியர்கள் இரு வழிகளில் செல்கின்றனர். மெலிந்துகொண்டே போகும்போதும் தன்னைப் பருமனாகவே காணும், எடை கூடிவிடுமோ என்று அஞ்சி உணவை மறுக்கும் உளநோய்க்கு இலண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873இல் ‘அனோரெக்ஸியா நெர்வோசா’ என்று பெயரிட்டார். ருடால்ஃப் பெல் என்பவர் 1985இல் வெளியிட்ட நூலில், 1200ஆம் ஆண்டுக்குப் பின் இத்தாலியில் வாழ்ந்த 261 புனிதப் பெண்களை எடுத்துக்கொண்டு, போதிய சான்றுகள் உள்ள ஏறத்தாழ 170 பேரில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இந்நோயை ஒத்த குறிகள் தென்படுவதாகக் கூறினார். கரோலின் வாக்கர் பைனம் 1987இல் வெளியிட்ட நூல் இதனை மறுத்து வேறொன்றை முன்வைத்தது. சொத்தும் அதிகாரமும் இல்லாத இடைக்காலப் பெண்ணின் ஆளுகையில் இருந்தது உணவு ஒன்றே. அதை மறுப்பதும், ஏழைகளுக்குக் கொடுப்பதும், நற்கருணைக்காகப் பசித்திருப்பதும் அவள் பேசக் கிடைத்த மொழி என்பது பைனத்தின் கருத்து. கத்தரீன் கண்ணாடி முன் நின்று தம் அழகை அளந்தவர் அல்லர் என்பதால் பைனத்தின் விளக்கமே அவருக்குப் பொருந்துகிறது. ஆயினும், உடல் அழிவதைப் பக்தியென்று பாராட்டும் சுற்றம் சூழ்ந்திருந்தால் நோய்க்கும் நோன்புக்கும் இடையிலான எல்லை எவர் கண்ணுக்கும் தெரியாமற் போகும் என்ற எச்சரிக்கை பெல்லின் நூலில் இருக்கிறது; அதையும் தள்ளிவிட இயலாது.

மெலிவைப் பரிசுத்தமாகக் காணும் இவ்வழக்கங்களுக்கு மறைநூலும் இறையியலும் ஆதாரமாக நிற்கவில்லை. ஆணும் பெண்ணும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டதாகத் தொடக்கநூல் கூறுகிறது. உடலைத் தூய ஆவியின் ஆலயம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது, உடலுறவு ஒழுக்கத்தைப் பற்றிய பகுதியில். அவ்வசனத்தை எடைக்குறைப்பு வகுப்பின் பதாகையாக்குவது அதன் இடத்தைவிட்டு அதனைப் பெயர்ப்பதாகும். உயிர்த்தெழும் நாளில் பெண்கள் ஆண்களாக எழுவர் என்று சிலர் வாதிட்டபோது, பெண்மை குறையன்று, இயற்கை; எனவே பெண்கள் பெண்களாகவே எழுவர் என்று அகுஸ்தீன் ‘கடவுளின் நகரம்’ நூலில் திட்டவட்டமாக மறுத்தார். ஒல்லியானவர்களும் பருத்தவர்களும் அந்நாளைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை என்றும் அவர் அங்கே எழுதியிருப்பது, இக்கவலை எவ்வளவு பழமையானது என்பதைக் காட்டுகிறது.

தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் இக்கவலை பருமனைக் காட்டிலும் நிறத்தைப் பற்றியே மிகுதியாக எழுகிறது. உன்னதப்பாட்டின் தொடக்கத்தில், திராட்சைத் தோட்டத்து வெயிலில் கறுத்த பெண் ஒருத்தி தன் நிறத்தையும் அழகையும் ஒரே மூச்சில் அறிவிக்கிறாள். அவ்விரண்டையும் இணைக்கும் எபிரேய இடைச்சொல் ‘உம்’ என்றும் பொருள்படும், ‘ஆனால்’ என்றும் பொருள்படும். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு முதற்பொருளைக் கொண்டது. ஜெரோமின் லத்தீன் இரண்டாவதைக் கொண்டது. தமிழில் நெடுங்காலமாகப் படிக்கப்பட்டுவரும் மொழிபெயர்ப்பும் ‘இருந்தாலும்’ என்றே அமைந்து, கறுப்பை அழகுக்கு ஒரு தடையாக்கிவிட்டது. கறுப்பும் அழகும் என்று அவள் சொன்னதாகக் கொள்வதற்கு மூலமொழி முழுமையாக இடம் தருகிறது. ஆலயத்தில் அப்பகுதி வாசிக்கப்படும் நாளில் இதை எடுத்துச் சொல்வது போதகர்களின் கடமை.

நோன்பைப் பொறுத்தவரை திருஅவையின் சட்டம் மிகத் தெளிவாக இருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சட்டத் தொகுப்பின்படி, ஒருசந்தி கடமையாகும் நாள்கள் ஆண்டில் இரண்டு மட்டுமே: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். அந்நாள்களில் ஒருவேளை முழு உணவும், காலையிலும் மாலையிலும் சிறிதளவு உணவும் கொள்ளலாம். பதினெட்டு வயது நிறையாதவர்களையும் அறுபதாம் வயதில் நுழைந்தவர்களையும் அச்சட்டம் கட்டுப்படுத்தாது. நோயாளிகளுக்கும் கருவுற்ற, பாலூட்டும் தாய்மாருக்கும் விலக்கு உண்டு. உணவை மறுத்து மெலிந்துகொண்டே போகும் ஒரு மகள் தவக்காலத்தில் ஒருசந்தி இருக்க வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால், அவளும் நோயாளியே. அவளுக்கும் அந்த விலக்கு உண்டு என்று பங்குக்குரு அவளிடம் சொல்ல வேண்டும், வீட்டார் அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.