மாமியார் வைத்த முல்லை: ஆடியில் பதியன், கார்த்திகையில் கன்று

"வீட்டு வாசலில் என் மாமியார் வைத்த முல்லைக்கொடி இருக்கிறது. முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. வருகிற தையில் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறோம். கொடியை வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் வைத்தால் பிழைக்குமா?"

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்து வாசகி ஒருவர் கேட்ட கேள்வி இது. ஊருக்கு ஊர் பழைய வீடுகளை இடித்துக் கட்டுகிறார்கள். இடிக்கும்போது வாசல் பந்தலும் போய்விடுகிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முப்பது வருடக் கொடியைப் பெயர்த்து நட்டால் பிழைப்பது நிச்சயமில்லை. வேர் நாலாபக்கமும் ஓடியிருக்கும்; தோண்டும்போது பாதி அறுந்துபோகும். முயன்று பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் கொடியிலிருந்தே புதுக் கன்று எடுத்துவிட்டால் அதே பூ, அதே மணம் கிடைக்கும். ஆடியில் தொடங்கினால் தைக்குள் கன்று தயார்.

முதலில் தாய்க்கொடியைப் பாருங்கள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த தவறு ஒன்று. நன்றாகப் படர்ந்திருந்த ஒரு முல்லையிலிருந்து குச்சி வெட்டி ஏழெட்டு வீடுகளுக்குக் கொடுத்தேன். மறு வருடம் அத்தனை வீட்டிலும் இலையிலும் தண்டிலும் வெள்ளைக் கம்பளி ஒட்டியது போன்ற படலம். சிலந்திப்பேன்! தாய்க்கொடியின் உள்கிளைகளில் அது இருந்ததை நான் விலக்கிப் பார்க்கவில்லை. குச்சியோடு நோயையும் சேர்த்து வழங்கியிருந்தேன்.

ஆகவே வெள்ளைப் படலம் உள்ள கிளை, பூ மலராமல் இலை போலப் பச்சையாக நிற்கும் கிளை இரண்டையும் தொடாதீர்கள். பேன் தாக்கிய கிளைகளை வெட்டி எரித்துவிட்டு, நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து, வெயில் தணிந்த பிறகு தெளியுங்கள். புதிதாக முல்லை வைப்பவர்கள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பாரிமுல்லை ரகத்தைத் தேடி வாங்கலாம். அது இந்தப் பேனைத் தாங்கும்.

பதியன் போடும் முறை

வீட்டுக்கு ஏற்ற நம்பிக்கையான வழி இதுதான். தாழ்வாக ஓடும், பாதி முற்றிய கிளையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கணுவுக்குக் கீழே பட்டையை ஓர் அங்குல நீளத்துக்குச் சீவிவிடுங்கள். அந்த இடத்தை மண்ணில் மூன்று, நான்கு அங்குல ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனி வெளியே நிற்க வேண்டும். வீடு இடிக்கப் போகிறவர்கள் தரையில் புதைக்காமல், மண் நிரப்பிய தொட்டியை அருகில் வைத்து அதில் புதையுங்கள். பிறகு தூக்கிக்கொண்டு போகலாம்.

மண் ஈரம் காயக்கூடாது. மூன்று முதல் நான்கு மாதத்தில் வேர் பிடித்துவிடும். ஒரே நாளில் வெட்டிப் பிரிக்காமல், முதலில் பாதி வெட்டுங்கள். ஒரு வாரம் கழித்து முழுதும் வெட்டுங்கள். இரண்டு வாரம் நிழலில் வைத்திருந்து நடுங்கள்.

குச்சி நடும் முறை

நிறையக் கன்று வேண்டுமென்றால் குச்சி நடலாம். பென்சில் கனமுள்ள, பாதி முற்றிய தண்டை 15 முதல் 20 செ.மீ. நீளத்துக்கு, மூன்று நான்கு கணு இருக்கும்படி வெட்டுங்கள். அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேல்பக்கம் நேராகவும் வெட்டினால் தலைகீழாக நட்டுவிடும் தவறு வராது. கீழ் இலைகளைக் கிள்ளிவிடுங்கள்.

செம்மண், மணல், மக்கிய தொழு எரு மூன்றையும் சம அளவில் கலந்து பையில் நிரப்பி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். பையின் அடியில் ஓட்டை அவசியம். மர நிழலில் வையுங்கள். ஐப்பசி அடைமழை நேரடியாக விழாத இடமாக இருக்கட்டும்.

பதினைந்தாம் நாள் துளிர் வந்ததும் வேர் வந்துவிட்டதென்று பலர் பிடுங்கிப் பார்க்கிறார்கள். அந்தத் துளிர் குச்சியில் இருந்த சத்தில் வருவது. வேர் பிடிக்க 45 முதல் 60 நாள் ஆகும். அதுவரை அசைக்காதீர்கள்.

எடுத்த கன்றுகளை ஒரே இடத்தில் வைக்காமல், இரண்டை அக்கம்பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். உங்கள் கன்று பட்டுப்போனாலும் அங்கே போய்க் குச்சி வெட்டிக்கொள்ளலாம். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்திலேயே ஏரி வாரியம் போலத் தோட்டத்துக்கும் தனி வாரியம் வைத்திருந்த ஊர் உத்திரமேரூர். கல்வெட்டே சாட்சி. ஒரு முல்லைக்கொடியைத் தெருவே சேர்ந்து காப்பாற்றுவது நமக்குப் புதிதல்ல.

கூடவே வந்த இரண்டு கேள்விகள்

*புது வீட்டு வாசலில் வைத்த கொடியின் இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. ஏன்?*

இரும்புச்சத்துக் குறை. சிமென்ட், சுண்ணாம்புக் கழிவு கலந்த மண்ணில் இது அதிகம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு கலந்து, இலை தெளியும்வரை மாதம் ஒருமுறை தெளியுங்கள். நடும்போதே ஒன்றரை அடிக் குழி எடுத்து, இடிபாட்டு மண்ணை அகற்றி, நல்ல மண்ணோடு 10 கிலோ தொழு எரு இட்டால் இந்தத் தொல்லை குறையும்.

*கொடி பந்தல் முழுக்கப் படர்ந்தும் பூ குறைவு. என்ன செய்வது?*

கவாத்து செய்யாததுதான் காரணமாக இருக்கும். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம் கவாத்துக் காலம். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டி, எரு வைத்துத் தண்ணீர் கட்டுங்கள். புதுத் தளிரில்தான் பூ வரும்.