காட்சியும் எதிர்பார்ப்பும்

உள்ளதை உள்ளவாறே காட்டுவது கண் என்பது உலகத்தார் பொதுவாகக் கொண்ட எண்ணம். அந்தி மயக்கிற் கிடந்த கயிற்றைப் பாம்பெனக் கண்டு அஞ்சுதல் வேதாந்த நூலார் நெடுங்காலமாக எடுத்தாளும் உவமை. அவ்வுவமையில், விளக்கொன்று கொணர்ந்தால் மயக்கம் நீங்கிவிடும். விளக்கைக் கொணரலாகாத இடத்தில், இருளே காட்சிக்கு வேண்டிய நிபந்தனையாக அமைந்த இடத்தில், அம்மயக்கம் எத்துணைக் காலம் நிலைபெறும்? எத்தகைய அறிவாளரைப் பற்றிக்கொள்ளும்? இவ்வினாக்களுக்கு விடையாக அமைவது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரான்சு தேசத்தில் நிகழ்ந்த என்-கதிர் வரலாறு.

1895 ஆம் ஆண்டில் றொண்ட்ஜன் எக்ஸ்-கதிர்களைக் கண்டறிந்தார். மறு ஆண்டில் யுரேனியம் தானாகவே கதிர் வீசுதலைப் பெக்கரல் கண்டார். 1898 இற் கியூரி தம்பதியர் ரேடியத்தை வெளிப்படுத்தினர். புதியதொரு கதிர் எப்பொழுது தோன்றுமோ என்று பௌதிக உலகம் காத்திருந்த காலம் அது. அக்காலத்தில், 1903 ஆம் ஆண்டில், நான்சி நகரத்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் இறனே புளொண்ட்லோ என்பார் புதுக்கதிரொன்றைக் கண்டதாக அறிவித்துத் தம் நகரின் பெயரின் முதலெழுத்தால் அதற்கு என்-கதிர் எனப் பெயரிட்டார். மின்னலைகளின் வேகத்தை அளந்து புகழ்பெற்றவர் அவர். நுண்ணிய அளவீட்டிற் கைதேர்ந்தவர். அவரை ஏமாற்றுக்காரர் என்று கருதுதற்குச் சிறிதும் இடமில்லை.

அக்கதிரைக் கண்ட முறையே இவ்வரலாற்றின் உயிர்நிலை. எக்ஸ்-கதிரைப் போல அது எலும்பின் நிழலைத் திரையில் வீழ்த்தவில்லை. சிறியதொரு மின்பொறியோ, கல்சியஞ் சல்பைட்டுப் பூசி மங்கலாக ஒளிரச் செய்த திரையோ, கதிர் பட்டவிடத்துச் சற்றே கூடுதலாக ஒளிரும் என்பதே அதன் அடையாளம். காண்பவர் இருட்டறையில் நெடுநேரம் கண்ணை இளைப்பாற்றவேண்டும். ஒளிப்புள்ளியை நேரே உற்றுநோக்கலாகாது. ஓவியன் தூரத்துக் காட்சியை நோக்குவதுபோல மேலோட்டமாக நோக்குதல் வேண்டும். இவை புளொண்ட்லோ வகுத்த விதிகள்.

இவ்விதிகளின் கீழ் விழித்திரை எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை ஆராய்ந்தால் உண்மை புலனாகும். விழித்திரையின் நடுப்பகுதி பகலொளிக்கு உரியது. மங்கிய ஒளியை உணரும் உறுப்புக்கள் அந்நடுவைச் சூழ்ந்த பகுதியிலேயே உள்ளன. ஆதலின் மங்கலான புள்ளியை நேரே நோக்கின் அது மறையும். பார்வையைச் சற்றே விலக்கின் மீண்டும் தோன்றும். இருளிற் கண் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதும் இல்லை. காண்பவர் அறியாமலே அது அலைகின்றது. இவற்றால், வெளியிலே யாதொரு மாற்றமும் இல்லாதபோதும் அப்புள்ளி கூடியும் குறைந்தும் தோன்றிக்கொண்டேயிருக்கும். கதிர் எப்பொழுது வரும் என்பதைக் காண்பவர் முன்னரே அறிந்திருப்பாராயின் என்னாகும்? அந்நேரத்து நிகழ்ந்த ஒளிக்கூட்டத்தை மனம் கதிரின் விளைவென எடுத்துக்கொள்ளும்; ஏனைய நேரத்தனவற்றைக் கண்ணின் சோர்வென விட்டுவிடும். காண்பவர் பொய் கூறுவதில்லை. அவர் கண்டது உண்மையே. தெரிந்தெடுத்ததுதான் மனத்தின் வேலை.

இவ்வாறு எழுந்த நம்பிக்கை விரைவிற் பரவிற்று. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர் ஏறத்தாழ முந்நூறு கட்டுரைகள் எழுதினர். மனிதரின் நரம்பும் தசையும் என்-கதிரை வீசுகின்றன என்றார் நான்சியிலேயே மருத்துவப் பேராசிரியராயிருந்த சார்ப்பந்தியே. பிற நாட்டிலோ, கெல்வின் பிரபு, குரூக்ஸ், ஜேர்மனியின் இறூபென்ஸ் முதலிய பேரறிஞர் முயன்றும் ஒன்றும் கண்டிலர். அன்னாரின் கண்களுக்குப் போதிய நுண்மையும் பயிற்சியும் இல்லை என்பதே அதற்குக் கிடைத்த விளக்கம். இவ்விளக்கமே யாவற்றினும் பெரிய ஐயத்தை எழுப்பியிருத்தல் வேண்டும். காணாதவரைக் குறைபாடுடையவர் என ஒதுக்கிவிட்டால், எந்தக் காட்சியும் என்றும் பொய்ப்படாது.

1904 ஆம் ஆண்டிற் கேம்பிரிஜ் நகரில் நடந்த பிரித்தானிய விஞ்ஞானக் கழகக் கூட்டத்துக்குப் பின்னர், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஒளியியல் அறிஞர் றொபேட் வூட் நான்சிக்குச் சென்றார். கதிரின் வழியிலே தாம் கையை வைக்கும் நேரத்தையும் எடுக்கும் நேரத்தையும் திரையை நோக்கிக் கூறுமாறு வேண்டினார். ஒருமுறையேனும் சரியான விடை கிடைக்கவில்லை. கை அசையாது வழியை மறைத்துக்கொண்டிருந்தபோதே திரை மாறிமாறி ஒளிர்வதாகவும் மங்குவதாகவும் கூறப்பட்டது. எஃகினாலாகிய அரமொன்றைக் கண்ணருகிற் பிடித்தால் இருளிலே கடிகாரத்தின் முட்கள் தெளிவாகத் தெரியும் என்றனர். அரத்துக்குப் பதிலாக அதே அளவான மரத்துண்டை வூட் வைத்தபோதும் முட்கள் அவ்வாறே தெரிந்தன.

இறுதியில் அலுமினிய அரியத்தின் வழியே கதிரைப் பிரித்து, ஒளிக்கூட்டம் தோன்றும் இடங்களை அளவுகோலில் வாசித்துக் காட்டினர். கதிர் புகுந்த பிளவின் அகலம் இரண்டு மூன்று மில்லிமீற்றர். வாசித்த அளவுகளோ மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்குவரை நுண்மையானவை. இருளில் வூட் அவ்வரியத்தை மெல்ல எடுத்துவிட்டார். வாசிப்பு மாறவில்லை. அவர் பின்னாளிற் கூறியபடி, ஐயங்கொண்ட உதவியாளர் அடுத்துத் தாமே வாசிக்க முற்பட்டார். வூட் காலடியோசை கேட்க அரியத்தை நோக்கி நடந்தார். ஆனால் அதனைத் தொடவில்லை. அரியம் அகற்றப்பட்டதென எண்ணிய உதவியாளர், ஒன்றும் தெரியவில்லை என்றாராம். எதிர்பார்ப்பு இல்லாததைத் தோற்றுவித்தது மட்டுமன்றி, முன்னர்த் தோன்றியதை மறைக்கவும் செய்தது.

இதில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. இம்மயக்கத்தை நீக்கும் வழியைப் பிரான்சு தேசம் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னரே கண்டிருந்தது. 1784 இல் மெஸ்மரின் காந்தசிகிச்சையை ஆராயப் பதினாறாம் லூயி மன்னன் அமைத்த குழுவிற் பிராங்கிளினும் இலவோசியேயும் இருந்தனர். பிராங்கிளின் இல்லத்துத் தோட்டத்திலே ஒரு மரத்துக்குக் காந்தசக்தி ஊட்டப்பட்டது. கண் கட்டப்பட்ட சிறுவன் ஒருவனை வேறு மரங்களிடம் அழைத்துச் சென்றனர். சக்தி ஊட்டப்படாத நான்காவது மரத்தடியிலே அவன் மூர்ச்சித்து வீழ்ந்தான். எது எங்கே உள்ளதென்பதைக் காண்பவர் அறியாதிருக்கச் செய்தலே அக்குழுவினர் கையாண்ட உபாயம். இக்காலத்தில் மருந்தைப் பரீட்சிப்போர், மெய்ம்மருந்து எது, வெறும் மாத்திரை எது என்பதை நோயாளியும் மருத்துவரும் அறியாவகை செய்தல் அவ்வுபாயத்தின் விரிவேயாம். நான்சி ஆய்வுகூடத்திலோ, நேர்மையே போதிய காப்பெனக் கருதிவிட்டனர் போலும்.

வூட்டின் கடிதம் 1904 செப்டெம்பர் 29 இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. பிற நாட்டில் என்-கதிர்ப் பேச்சு அதனோடு அடங்கிற்று. ஆயினும் அவ்வாண்டிலேயே பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் 50,000 பிராங்கு இலெக்கோந்துப் பரிசைப் புளொண்ட்லோவுக்கு அவருடைய வாழ்நாட் பணிகளுக்காக வழங்கிற்று. பின்னர்ப் பாரிசிலிருந்து வந்த விஞ்ஞான இதழொன்று, கதிர் வீசும் எஃகை ஒன்றிலும் கதிர் வீசாத ஈயத்தை மற்றதிலும் அடைத்த ஒத்த பெட்டிகள் இரண்டை அனுப்புவதாகவும், எது எதுவெனக் கதிரைக் கொண்டே கூறுமாறும் அவரை வேண்டிற்று. இந்நிகழ்ச்சி அத்தகைய சோதனைக்கு ஏலாத நுண்மையது என்றும், அவரவர் தத்தம் அநுபவத்தால் முடிவு செய்துகொள்க என்றும் 1906 இல் விடையிறுத்து அவர் அதனை மறுத்துவிட்டார். 1909 இற் பதவியினின்றும் ஓய்வுபெற்றார். அவமானத்தாற் பித்துற்று மாண்டார் என எழுதியோரும் உளர். ஆனால் 1930 ஆம் ஆண்டுவரை அவர் உயிர்வாழ்ந்தார்.