நோன்புக் காலத்தில் உடற்பயிற்சி... நிறுத்த வேண்டாம், குறைத்தால் போதும்!

ரமலான் பிறை தெரிந்ததும் ஜிம்மில் இரண்டு விதமான பேச்சு கேட்கும். "ஒரு மாசம் லீவு ப்ரோ, பெருநாள் முடிஞ்சு பார்க்கலாம்" என்பது ஒன்று. "ஒரு நாள்கூட விட மாட்டேன், பதினோரு மாசம் ஏத்துன பாடி ஒரே மாசத்துல போயிடும்" என்பது இன்னொன்று.

முதல் ஆள் பெருநாள் முடிந்தும் திரும்பி வர மாட்டார். விருந்து, கல்யாணம், சொந்தக்காரங்க வீடு என்று நாள் ஓடி, ஒரு மாத லீவு நான்கு மாதமாகிவிடும். இரண்டாவது ஆள் முதல் பத்து நாள் தாக்குப்பிடிப்பார். அடுத்த பத்தில் தராவீஹ் தொழும்போது கால் துவளும். கடைசிப் பத்தில், எந்த இரவுகளுக்காக மாதம் முழுக்கக் காத்திருந்தாரோ, அந்த இரவுகளில் பள்ளிவாசல் தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பார்.

இரண்டு பேரும் செய்கிற தப்பு ஒன்றுதான். மற்ற மாதங்களின் கணக்கை இந்த மாதத்துக்கும் போடுகிறார்கள். புதிதாக எடை ஏற்ற, வேகம் கூட்ட, தொப்பையைக் கரைக்க வருடத்தில் பதினோரு மாதம் இருக்கிறது. இந்த ஒரு மாதம் இருப்பதைக் காப்பாற்றினால் போதும். அப்படி நினைத்துக்கொண்டால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு நேரம், அளவு, சாப்பாடு, தூக்கம் என நான்கையும் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

தமிழ்நாட்டில் நோன்பு நேரம் ஏறக்குறைய 13 மணி நேரம். ரமலான் எந்தப் பருவத்தில் வருகிறது என்பதைப் பொறுத்து இதில் கொஞ்சம் கூடும், குறையும். சஹரில் சாப்பிட்டது முதல் சில மணி நேரத்துக்குத் தாங்கும். அதன் பிறகு கல்லீரல், தான் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்கு விடும். மதியத்துக்கு மேல் அந்தச் சேமிப்பு குறையக் குறைய, உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும்.

'அப்போ நோன்போடு ஓடினால் கொழுப்பு இன்னும் வேகமாகக் கரையுமே' என்று தோன்றலாம். உங்களை முதலில் படுக்கவைக்கப் போவது பசி அல்ல, தண்ணீர். நம் ஊர் வெயிலில் அரை மணி நேரம் ஓடினால் சட்டை நனைகிற அளவுக்கு வியர்க்கும். மற்ற நாள்களில் உடனே ஒரு பாட்டில் தண்ணீர் குடித்து ஈடுகட்டிவிடுவீர்கள். நோன்பு நாளில் காலை 8 மணிக்கு இழந்த தண்ணீர் மாலை பாங்கு சொல்லும் வரை திரும்பி வராது. ரத்தத்தின் அளவு குறையும், இதயத் துடிப்பு கூடும், தலை வலிக்கும், எழுந்து நின்றால் கண் இருட்டும். அதனால் நோன்புக் காலத்தில், 'பயிற்சி முடித்தபின் தண்ணீர் குடிக்க எவ்வளவு நேரம் இருக்கிறது?' என்பதுதான் முதல் கேள்வி.

எந்த நேரம் சரி?

* காலை 8 முதல் மதியம் வரை: வேண்டவே வேண்டாம். வெயிலில் கிரிக்கெட், ஃபுட்பால் ஆடும் தம்பிகளுக்கும் சேர்த்துத்தான்.

* இஃப்தாருக்கு முந்தைய அரை மணி நேரம்: நடைக்கு ஏற்ற நேரம். வெயில் தாழ்ந்திருக்கும், முடித்ததும் தண்ணீர் குடித்துவிடலாம். ஆனால், ரத்தத்தில் சர்க்கரை மிகக் குறைவாக இருப்பதும் இந்த நேரத்தில்தான். எனவே 20, 30 நிமிட நடை, கை கால்களை நீட்டி மடக்கும் பயிற்சி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். அதுதான் அளவு.

* நோன்பு திறந்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து: எடை தூக்குபவர்களுக்கு இதுதான் நல்ல நேரம். தண்ணீரும் உணவும் உள்ளே போயிருக்கும். சிக்கல் என்னவென்றால், இஷாவும் தராவீஹும் இதே நேரத்தில் வரும். எனவே தொழுகை முடிந்துதான் ஜிம்முக்குப் போக முடியும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

* சஹருக்கு முன்: சீக்கிரம் தூங்கி, சீக்கிரம் எழும் பழக்கம் உள்ளவர்களுக்கு 20 நிமிடம் கிடைக்கும். தண்டால், உட்கார்ந்து எழுவது போன்ற எளிய பயிற்சிகளை வீட்டிலேயே செய்துவிட்டு, சஹர் சாப்பாட்டோடு தண்ணீரையும் குடித்துக்கொள்ளலாம்.

தராவீஹ் கணக்கில் வருமா?

"தராவீஹே பெரிய எக்ஸர்சைஸ்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ரக்அத்தில் ஒரு ருகூ, இரண்டு சஜ்தா. 20 ரக்அத் தொழும் பள்ளிவாசல் என்றால், ஒரே இரவில் 20 முறை இடுப்பை மடக்கிக் குனிகிறீர்கள், 40 முறை நெற்றி தரையைத் தொடுகிறது, தரையிலிருந்து 20 முறை எழுந்து நிற்கிறீர்கள். இஷாவும் வித்ரும் தனி. நடுவில் நீண்ட நேரம் நிற்பது வேறு. 8 ரக்அத் தொழும் பள்ளிகளில் எண்ணிக்கை குறையும், ஓதுவது நீண்டால் நிற்கும் நேரம் கூடும்.

ஆக, தொடை, இடுப்பு, முதுகு எல்லாவற்றுக்கும் வேலை இருக்கிறது. நோன்பு வைக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கான மருத்துவ வழிகாட்டல்களே, தராவீஹை அன்றைய உடற்பயிற்சியின் ஒரு பகுதியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. அதே நேரம், அது எடைப் பயிற்சிக்கு மாற்று ஆகிவிடாது. தோள், கை, நெஞ்சுத் தசைகளுக்கு அதில் பெரிதாக வேலை இல்லை. எனவே, தராவீஹ் தொழுபவர்கள் தனியாகக் கால் பயிற்சி செய்வதைப் பாதியாகக் குறைக்கலாம். ஜிம்மில் கிடைக்கும் நேரத்தை மேல் உடம்புக்குக் கொடுக்கலாம்.

வழிபாடு என்பது வழிபாடுதான். கலோரி கணக்கு பார்க்கத் தொழுவதில்லை. இந்தக் கணக்கு எதற்கென்றால், 'இன்னைக்கு ஒண்ணுமே பண்ணலையே' என்ற குற்ற உணர்வோடு நள்ளிரவில் டிரெட்மில் ஏறாமல் இருப்பதற்கு.

எவ்வளவு போதும்?

வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான பயிற்சி, இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சி. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு இது. தினம் இஃப்தாருக்கு முன் 20 நிமிடம் நடந்தாலே வாரத்துக்கு 140 நிமிடம் வந்துவிடும்.

ஜிம் போகிறவர்களுக்கு ஒரு சூத்திரம்: செட்டைக் குறையுங்கள், எடையை அதிகம் குறைக்காதீர்கள். வாரம் ஐந்து நாள் போகிறவர் இரண்டு அல்லது மூன்று நாள் போனால் போதும். நான்கு செட் செய்த இடத்தில் இரண்டு. நோன்பு திறந்த பிறகு, வழக்கமான எடையை ஒட்டியே தூக்கலாம். பழகிய எடையை அவ்வப்போது தூக்கிக்கொண்டிருந்தால், குறைந்த பயிற்சியிலேயே தசையும் பலமும் பெருமளவு தங்கிவிடும். தூக்க முடியாத எடையை முயன்று பார்ப்பது, போட்டி போடுவது இதெல்லாம் பெருநாளுக்குப் பிறகு.

இதுவரை பயிற்சியே செய்யாதவர் ரமலானில் ஜிம்மில் சேர வேண்டாம். நடையில் ஆரம்பியுங்கள். பள்ளிவாசலுக்கு பைக்கை எடுக்காமல் நடந்து போய் வந்தாலே நல்ல தொடக்கம்.

கஞ்சியை விடாதீர்கள்!

தமிழ்நாட்டு நோன்பாளிகளுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. அது நோன்புக் கஞ்சி. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, தேங்காய்ப்பால், சில ஊர்களில் கொத்துக்கறி என எல்லாம் சேர்ந்த அந்தக் கஞ்சியில் தண்ணீர், உப்பு, மாவுச்சத்து, கொஞ்சம் புரதம் எல்லாமே இருக்கிறது. நடை முடித்து வந்து பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கோப்பைக் கஞ்சி எடுத்துக்கொண்டால் அதைவிட நல்ல 'ரெக்கவரி டிரிங்க்' தேட வேண்டியதில்லை.

கஞ்சியோடு வரும் கூட்டணிதான் பிரச்னை. வடை, சமோசா, போண்டா, அதற்கு மேல் சர்பத். எண்ணெய்ப் பலகாரம் வயிற்றிலேயே தங்கி, தராவீஹில் குனியும்போது நெஞ்சைக் கரிக்கும். ஒரு வடையோடு நிறுத்துங்கள். சாப்பாட்டில் முட்டை, மீன், கறி, சுண்டல் என ஏதாவது ஒரு புரதம் இருக்கட்டும்.

தண்ணீரை சஹர் முடியும் நேரத்தில் ஒரேயடியாக ஒரு லிட்டர் குடித்துப் பயனில்லை. பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும். நோன்பு திறந்ததிலிருந்து சஹர் வரை 8 முதல் 10 டம்ளர் எனப் பிரித்துக் குடியுங்கள். சிறுநீரகம், இதயப் பிரச்னைக்காகத் தண்ணீரின் அளவைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மருத்துவர் சொன்ன அளவுதான்.

தூக்கத்தில் கைவைக்காதீர்கள்!

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். தராவீஹ் முடிய இரவு 9.30 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 10.30-க்குப் படுத்து 4 மணிக்கு சஹருக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரத் தூக்கம். அதுவே ஜிம் போய், வந்து குளித்து, சாப்பிட்டு, ரீல்ஸ் பார்த்து 12.30-க்குப் படுத்தால் மூன்றரை மணி நேரம். இப்படித் தினமும் போனால், பயிற்சி செய்தும் பலன் இருக்காது. தசை தேறுவதே தூக்கத்தில்தான்.

எனவே ஜிம் போகும் நாள்கள் வாரத்தில் இரண்டு, மூன்றாகவே இருக்கட்டும். மதியம் லுஹருக்குப் பிறகு 20 நிமிடம் கண்ணயர முடிந்தால் பெரிய உதவி. ஜிம்மா, தூக்கமா என்று வந்தால் இந்த மாதம் தூக்கத்துக்கே ஓட்டுப் போடுங்கள்.

வீட்டில் ஒருவர் மட்டும்...

இந்த அட்டவணை எல்லாம் யாருக்குப் பொருந்தாது தெரியுமா? 3 மணிக்கே எழுந்து சஹருக்குச் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்கும் போய்வந்து, அஸருக்குப் பிறகு அடுப்படியில் நின்று, இரவு பாத்திரம் கழுவி முடிக்கும் அம்மாக்களுக்கு. அவர்களும் நோன்போடுதான் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், 'நீங்களும் வாக்கிங் போங்க' என்று சொல்வது நியாயமே இல்லை. அவர்களுக்குத் தேவை ஓய்வு. வீட்டில் உள்ள மற்றவர்கள் வெங்காயம் நறுக்கலாம், பாத்திரம் கழுவலாம், அன்றைக்கு ஜிம்மில் ஒரு செட் குறைந்தாலும் பரவாயில்லை. அப்படிக் கிடைக்கும் அரை மணி நேரத்தில் அவர் நடக்கலாம், ஓதலாம், தூங்கவும் செய்யலாம். அது அவர் விருப்பம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரையைச் சட்டென இறக்கும் மாத்திரை எடுப்பவர்கள், பிரஷர், இதய, சிறுநீரக நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ரமலானுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். நோன்பு வைக்கலாமா, மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது, பயிற்சி செய்யலாமா என மூன்றையும் கேளுங்கள். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனாலோ, 300-ஐத் தாண்டினாலோ நோன்பை முறித்துவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டல். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்களிடம் பரவலாக உள்ள கருத்து. எனவே தயங்காமல் பாருங்கள்.

நோயே இல்லாதவர்களும் தலைசுற்றல், படபடப்பு, கை நடுக்கம், குழப்பம் வந்தால் அந்த நொடியே பயிற்சியை நிறுத்த வேண்டும். சரியாகவில்லை என்றால் நோன்பைத் திறந்துவிடுங்கள். நோயாளிக்கும் பயணிக்கும் விட்ட நோன்பை வேறு நாளில் வைத்துக்கொள்ளும் சலுகையைக் குர்ஆனே தருகிறது.

விளையாட்டு வீரர்களின் கதைகளையும் இந்த இடத்தில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கூடைப்பந்து வீரர் ஹகீம் ஒலாஜுவான் 1995 பிப்ரவரியில் நோன்பு வைத்தபடியே ஆடி, என்.பி.ஏ-வில் அந்த மாதத்தின் சிறந்த வீரரானார். உண்மைதான். 2012 ஜூலையில் லண்டன் ஓவல் மைதானத்தில் ஹாஷிம் ஆம்லா ஆட்டமிழக்காமல் 311 ரன் குவித்ததும் ரமலானில்தான். ஆனால் பயணத்தில் இருந்ததால் அப்போது அவர் நோன்பு வைக்கவில்லை. ஊர் திரும்பி வைத்துக்கொள்வதாக அவரே சொன்னார். முடிந்தவர் வைத்தார், சலுகை இருந்தவர் அதைப் பயன்படுத்திக்கொண்டார். இரண்டுமே சரிதான்.

கடைசிப் பத்து

முதல் சில நாள்கள் உடம்பு பழகுவதற்கானவை. நடை மட்டும் போதும். பிறகு இருபதாம் நோன்பு வரை மேலே சொன்ன அட்டவணை. கடைசிப் பத்தில் இரவு வணக்கம் கூடும், சிலர் இஃதிகாஃப் இருப்பார்கள். அப்போது எடையை எல்லாம் ஓரமாக வைத்துவிடுங்கள். உடம்பு இறுகாமல் இருக்க, தினமும் பத்து நிமிடம் கை, கால், முதுகை நீட்டி மடக்கினால் போதும். மூன்று வாரம் காப்பாற்றிய தசை பத்து நாளில் எங்கும் ஓடிவிடாது.

பெருநாள் முடிந்து ஜிம்முக்குப் போகும் முதல் நாள், பழைய அளவில் பாதியில் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் யாராவது, "என்ன பாய், இளைச்சிட்டீங்க?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். இருபத்தேழாம் இரவில் தூணில் சாயாமல் நின்று தொழுதீர்களா என்பது உங்களுக்குத் தெரியும்.