கடையும் கலையும்

ஓவியத்தைத் தீட்டி முடித்த அன்றே ஓவியரின் வேலை முடிந்துவிடுவதில்லை. அதனைக் காண்போர் வேண்டும். காண்போர் வந்து நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும். அவ்விடத்திற்கு வாடகை செலுத்தவும் ஒருவர் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஓவியம் வரைந்தவர் வீட்டிலேயே சுவரோடு சாய்ந்து கிடக்கும். கவிதைக்கு இதழைப் போல ஓவியத்திற்கு ஓவியக்கூடம். ஒரு நகரின் கலைவாழ்வைப் பற்றிப் பேசுவோர் ஓவியர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வர். அவர்களுடைய ஓவியங்கள் கைமாறிய இடங்களைச் சொல்வோர் அரியர். சென்னையின் நவீன ஓவிய வரலாற்றில் அந்த இடந்தான் பெருஞ்சிக்கலாக இருந்தது. ஓவியர்களே அதற்குக் கண்ட விடை, ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டல ஓவியர் கிராமம்.

கூடத்தின் கணக்கு

தனியார் ஓவியக்கூடங்கள் பெரும்பாலும் ஓவியத்தை விலைகொடுத்து வாங்கி வைப்பதில்லை. ஓவியர் தம் படைப்புகளை ஒப்படைப்பார். கூடம் அவற்றுக்குச் சட்டமிட்டு, விளக்கமைத்து, அழைப்பிதழ் அனுப்பிச் சில நாள்கள் காட்சிக்கு வைக்கும். விற்ற ஓவியத்தின் அருகில் சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டுவது உலகெங்கும் உள்ள வழக்கம். விற்ற தொகையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து சரிபாதி வரை கூடம் எடுத்துக்கொள்ளும். விற்காதவை ஓவியரிடமே திரும்பும். திரைச்சீலைக்கும் வண்ணத்திற்கும் அவர் செலவிட்ட பணமோ திரும்புவதில்லை.

கூடம் எடுக்கும் பங்கு மிகுதி என்று தோன்றலாம். ஆனால் நகரின் நடுவில் வாடகை கொடுத்து, பெயர் அறியப்படாத இளைஞர் ஒருவரின் ஓவியத்தைச் சுவரில் மாட்டிக் காத்திருப்பதும் துணிச்சலான செயலே. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எது விற்கும் என்பதைக் கூடம் அறியும். அதனால் எதை மாட்டலாம் என்பதையும் கூடமே முடிவு செய்கிறது. புதிதாக ஒன்றை முயல்பவருக்கு வாசல் எளிதில் திறப்பதில்லை.

சுவரில் ஒரு நாள்காட்டி

விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் மும்பைக்கு 1952இல் ஜகாங்கீர் கலைக்கூடம் வாய்த்தது. தில்லியில் 1954இல் தேசிய நவீனக் கலைக்கூடம் திறக்கப்பட்டது. சென்னையில் நவீன ஓவியத்தை விலைகொடுத்து வாங்குவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவராகவே இருந்தனர்.

தமிழர் படம் விரும்பாதவர் என்பது இதற்குப் பொருளன்று. படம் இல்லாத வீடே தமிழ்நாட்டில் இருந்திருக்காது. அவை அச்சிட்ட படங்கள். சென்னை ஓவியப்பள்ளியில் பயின்று, பின்னர்க் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டைய ராஜுவின் (1898-1976) தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாக நாள்காட்டிகளாக எங்கும் பரவின. கடைக்காரர் இலவசமாகத் தரும் நாள்காட்டியிலேயே முருகனும் திருமகளும் வண்ணம் பொலிய வீட்டுக்கு வந்துவிடும்போது, ஒரே ஒரு படியாக மட்டும் உள்ள, எளிதில் பொருள் விளங்காத ஓவியத்தை ஒரு மாதச் சம்பளம் கொடுத்து வாங்க யார் முன்வருவர்? ஓவியக் கல்லூரியில் பயின்ற மாணவர்கள் பட்டம் பெற்றபின் துணி வடிவமைப்பாளராகவோ, விளம்பர ஓவியராகவோ, ஓவிய ஆசிரியராகவோ வேலைக்குச் செல்வதே இயல்பாக இருந்தது. வேலை கிடைத்தவுடன் தூரிகை மெல்ல மெல்ல ஓய்ந்துவிடும். கற்றவர் பலர், கலைஞராகத் தொடர்ந்தோர் சிலர்.

கல்லூரியிலிருந்து கடற்கரைக்கு

அந்தக் கல்லூரி பழமையானது. அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850இல் தொடங்கிய ஓவியப்பள்ளி அது. கைவினைத் தொழில்களைக் கற்பிப்பதே ஆங்கில ஆட்சியில் அதன் முதன்மையான நோக்கம். மெரினாவில் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அவருடைய மாணவரான கே.சி.எஸ். பணிக்கர் (1911-1977) 1957இல் முதல்வரானார்.

கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், ஓவியராகவும் அமைப்பாளராகவும் ஒருசேர விளங்கியவர். 1944இல் சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கம் உருவாக முன்னின்றார். அச்சங்கத்தின் சார்பில் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்னும் கலை இதழ் 1961 முதல் வெளிவந்தது. மேலைநாட்டு ஓவிய முறைகளை அப்படியே பின்பற்றாமல், இந்த மண்ணின் கோடுகளிலிருந்தும் குறியீடுகளிலிருந்தும் புதிய ஓவியத்தை உருவாக்க வேண்டும் என்பது அவருடைய வேட்கை. சாதகக் கட்டங்களையும் பழஞ்சுவடி எழுத்துகளையும் நினைவூட்டும் அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசை அவ்வேட்கையின் விளைவு. செப்புத் திருமேனிகளும் ஊர்ப்புறத் தெய்வ உருவங்களும் அவருடைய மாணவர்களுக்குப் பாடங்களாயின. பின்னாளில் கலை விமரிசகர்கள் 'சென்னைக் கலை இயக்கம்' என்று பெயரிட்டு அழைத்தது இந்த முயற்சியைத்தான்.

வேட்கை இருந்தது, வயிற்றுப்பாட்டுக்கு வழி இல்லை. வேலைக்குப் போகாமலும் வாங்குவோரின் விருப்பத்திற்கு வளைந்துகொடுக்காமலும் ஓவியர் வாழ்வது எப்படி என்பதைப் பணிக்கரும் மாணவர்களும் நெடுநாள் எண்ணினர். அவர்கள் கண்ட வழி எளிமையானது. ஓவியம் விற்காது, ஆனால் அழகிய துணி விற்கும். எனவே, கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுச் சோற்றுக்குத் தேடிக்கொள்வது. மிஞ்சிய பொழுதில் எவருக்கும் அஞ்சாமல் விரும்பியதை வரைவது. இதற்கென ஓவியர் கைவினைச் சங்கம் ஒன்று தோன்றியது. அவர்கள் செய்த பாத்திக் துணிகள் கண்காட்சியில் நன்கு விற்றன. அந்தப் பணமே நிலம் வாங்க உதவியது. 1966இல் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் எட்டுப் பத்து ஏக்கர் மணல் நிலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களின் ஊர் பிறந்தது. அரசின் மானியமோ செல்வரின் கொடையோ அதற்கு அடித்தளம் இடவில்லை. துணி விற்ற காசில் எழுந்த ஊர் அது.

மெழுகும் சாயமும்

பாத்திக் என்பது மெழுகால் சாயத்தைத் தடுத்து உருவம் அமைக்கும் கலை. சாவகத் தீவில் சிறந்து வளர்ந்தமையால் அத்தீவின் பெயரோடு சேர்த்தே அதனைச் சொல்வர். வெண்துணியில் முதலில் உருவத்தைக் கோட்டால் வரைந்துகொள்வர். வெண்மையாகவே நிற்க வேண்டிய இடங்களில் உருக்கிய மெழுகைத் தூரிகையால் பூசுவர். பிறகு துணியை மஞ்சள் போன்ற வெளிர்நிறச் சாயத்தில் தோய்ப்பர். மெழுகுள்ள இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்தபின், மஞ்சளாக நிற்க வேண்டிய இடங்களையும் மெழுகால் மூடிச் சிவப்பில் தோய்ப்பர். அதன்பின் நீலத்திலோ கறுப்பிலோ. வெளிர்நிறத்தில் தொடங்கி அடர்நிறத்தில் முடிப்பதே முறை. சாயநீர் சூடாக இருந்தால் மெழுகு உருகிவிடும் என்பதால் குளிர்ந்த நீரில் கரையும் சாயமே ஏற்றது. இறுதியில் வெந்நீரில் இட்டு மெழுகை நீக்குவர்.

துணியை மடிக்கும்போது மெழுகில் மெல்லிய வெடிப்புகள் தோன்றும். அவற்றின் வழியே சாயம் கசிந்து நரம்பு போன்ற கோடுகளை உண்டாக்கும். அக்கோடுகளை எவராலும் முன்கூட்டி வரைந்துவிட முடியாது; இரண்டு துணிகளில் அவை ஒன்றுபோல் அமைவதும் இல்லை. கோட்டையே தன் உயிராகக் கொண்ட சென்னை ஓவியர்களுக்கு இந்தக் கலை எளிதாகக் கைவந்ததில் வியப்பில்லை.

இதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. கப்பலேறி ஐரோப்பா சென்ற சோழமண்டலக் கரைத் துணிகளில், நீலச் சாயம் படக்கூடாத இடங்களை மெழுகால் மூடும் முறை பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழக்கத்தில் இருந்தது. அந்தக் கரையின் பெயரையே தம் ஊருக்குச் சூட்டிக்கொண்டவர்கள், அறிந்தோ அறியாமலோ, அக்கரையின் பழைய தொழிலால் பிழைத்தனர்.

தொடக்கத்தில் அங்கு வாழ்க்கை கடினமாகவே இருந்தது. மின்சாரம் இல்லாத கீற்றுக் குடிசைகள். அக்கம்பக்கத்தில் மீனவர் குடியிருப்புகள். சவுக்கும் பனையும் நிற்கும் மணல்வெளி. இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலையின் பரபரப்பைக் கொண்டு அன்றைய ஈஞ்சம்பாக்கத்தைக் கற்பனை செய்ய இயலாது. கலைஞர்கள் தத்தம் மனைகளில் வீடு கட்டிக்கொண்டனர். பணிக்கூடமும் ஓவியக்கூடமும் பொதுவாயின. துணியோடு தோல், உலோகம், சுடுமண் ஆகியவற்றாலான பொருள்களும் விற்பனைக்கு வந்தன. ஜே. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், பி. கோபிநாத், மு. சேனாதிபதி, சிற்பிகள் எஸ். பரமசிவம், எஸ். நந்தகோபால் என அங்கு வாழ்ந்து பெயர் பெற்றோர் பலர். வி. விசுவநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிசுக்குச் சென்று அங்கேயே தங்கித் தம் கலையை வளர்த்தனர்.

கைவினையா, கலையா?

இந்த ஏற்பாட்டின்மீது நியாயமான ஐயம் ஒன்று எழும். பகலெல்லாம் விற்பனைக்காக உருவம் தீட்டும் கை, மாலையில் மட்டும் எப்படி விடுதலை பெறும்? வாங்குவோர் மீண்டும் மீண்டும் கேட்கும் யானையும் பிள்ளையாரும் கைக்குப் பழகிவிடும். பழகிய கை பழகியதையே வரையும். ஓவியருக்கு வறுமையைப் போலவே பழக்கமும் பகையாகும்.

சோழமண்டலத்தில் அவ்வாறு நேரவே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆயினும் அங்கு விளைந்த சிறந்த படைப்புகளை நோக்கினால், கைவினை அவற்றைக் கெடுத்ததைவிட வளர்த்ததே மிகுதி என்று சொல்லத் தோன்றுகிறது. செம்பையும் பித்தளையையும் வெட்டி, பற்றவைத்து, எனாமல் பூசி நந்தகோபால் அமைத்த சிற்பங்கள் முகப்பை நோக்கி நிற்பவை. கோயில் திருவாசியையும் தெய்வத்திற்குச் சாத்தும் உலோகக் கவசத்தையும் நினைவூட்டுபவை. தகட்டைத் தட்டி உருவம் எழுப்பும் கைவினைஞரின் அறிவு இல்லாமல் அத்தகைய சிற்பம் பிறந்திராது. அதற்கு முன்னோடியான பி.வி. ஜானகிராமின் தகட்டுச் சிற்பங்களுக்கும் இது பொருந்தும். கைவினை தாழ்ந்தது, கலை உயர்ந்தது என்னும் பிரிவினை மேலைநாட்டுப் பாடத்திட்டத்தோடு வந்தது. திருமேனி வார்த்த தபதிக்கு அப்படியொரு வேறுபாடு தெரியாது.

சோழமண்டலத்தில் குடியேறாத ஓவியர்களும் வேறு வழிகளைத் தேடினர். கே.எம். ஆதிமூலம் (1938-2008) தமிழ் நூல்களின் அட்டைகளுக்கும் இதழ்களுக்கும் வரைந்தார். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது அதனோடு வந்த கோட்டோவியங்கள் அவருடையவை. ஓவியக்கூடத்தின் வாசலையே மிதித்திராத பலரும் அவற்றைத் தேநீர்க் கடைகளில் கண்டனர். ஓவியத்திற்கு இதழும் ஒரு கூடமாக அமைந்தது.

பிந்தைய ஆண்டுகள்

காலப்போக்கில் ஓவியங்கள் விலைபெறத் தொடங்கின. கைவினையைச் சார்ந்து வாழும் தேவை குறைந்தது. நகருக்குள் தனியார் ஓவியக்கூடங்களும் வந்தன. 1984இல் தொடங்கிய அப்பாராவ் ஓவியக்கூடம் அவற்றுள் ஒன்று. கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையம் இளைய ஓவியர்களுக்குப் பணியிடமும் காட்சிக்கூடமும் அளித்துவருகிறது. 1996இல் முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் கைவினைஞர் நேரடியாக விற்கும் கடைகளும் ஓர் ஓவியக்கூடமும் அருகருகே இயங்குகின்றன. சோழமண்டலத்திலோ 2009இல் புதிய கலைமையம் எழுந்தது. சென்னைக் கலை இயக்கத்தின் ஓவியங்களையும் சிற்பங்களையும் நிலையாகக் காட்டும் அருங்காட்சியகம் அதில் உள்ளது. வெளிக்கலைஞர்கள் வாடகைக்கு எடுத்துக் கண்காட்சி நடத்த லாபர்னம், இண்டிகோ என்னும் இரண்டு கூடங்களும் உள்ளன. இண்டிகோ என்பது அவுரியிலிருந்து எடுக்கும் நீலச் சாயம்.

நிறுவியவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. நந்தகோபால் 2017இல் மறைந்தார். அன்று எவரும் விரும்பாத மணல்மேடு இன்று சென்னையின் விலைமிக்க நிலப்பகுதிகளுள் ஒன்றின் நடுவில் இருக்கிறது. சுற்றிலும் கேளிக்கைப் பூங்காக்களும் சொகுசு வீடுகளும் எழுந்துவிட்டன. கலைஞரின் பிள்ளைகள் எல்லாரும் கலைஞராவதில்லை. ஆகவே, அம்மனைகள் வருங்காலத்தில் யார் கையில் இருக்கும் என்பது அவ்வூரின் முன்னுள்ள கேள்வி. அதேபோன்ற நிலத்தை இன்று முப்பது இளம் ஓவியர்கள் சேர்ந்து வாங்க முடியாது. அதற்குப் போதுமான துணியை எந்தச் சங்கத்தாலும் விற்க இயலாது.

இன்றைய இளம் ஓவியர்கள் கைப்பேசித் திரையையே கூடமாக்கிக்கொள்கின்றனர். தம் கோட்டோவியங்களை அஞ்சலட்டையாகவும் துணிப்பையாகவும் புத்தகக் குறியாகவும் அச்சிட்டு, வார இறுதிச் சந்தைகளில் ஒரு மேசையை வாடகைக்கு எடுத்து விற்கின்றனர். சந்தை முடிந்த இரவில் பெரிய திரைச்சீலையின் முன் அமர்வோர் அவர்களிலும் உண்டு.