முழுக்கும் மறுமுழுக்கும்: சிறு குழுக்கள் குறித்த பயம் பற்றி

சின்னச்சின்னத் தீவிரக் குழுக்களைக் கண்டு ஊரே ஏன் நடுங்குகிறது என்று கேட்டால் தயாராக ஒரு பதில் கிடைக்கும்: 'அவங்க என்ன வேணா செய்வாங்க, அதான்.' அதாவது வன்முறை முதலில், பயம் பின்னால். இந்த வரிசையை நான் சந்தேகிக்கிறேன். பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் அனபாப்டிஸ்டுகளை முன்வைத்து இதைப் பேசலாம். ஏங்கெல்ஸ் எழுதிய விவசாயிகள் போர் பற்றிய நூல் (1850) வழியாக தாமஸ் மூன்ட்ஸரை அறிந்த தோழர்களுக்குக் களம் புதிதல்ல. மூன்ட்ஸரின் ஆவேசத்தில் லயித்துப்போன நாம், அதே காலத்தில் வாளையே தொடமாட்டேன் என்ற இந்தச் சாதுக்களை அதிகம் கவனித்ததில்லை.

1525 ஜனவரியில் சூரிச் நகரத்து வீடொன்றில் சிலபேர் கூடி ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். நடந்தது அவ்வளவுதான். பிறந்த குழந்தைக்குத் தரும் முழுக்கு செல்லாது, விவரம் தெரிந்தபின் தானே விரும்பிப் பெறுவதுதான் செல்லும் என்பது அவர்கள் கட்சி. 'மறுபடி முழுக்குப் பெறுபவர்' என்று பொருள்படும் அனபாப்டிஸ்ட் எதிரிகள் இட்ட பெயர். முதல் முழுக்கே முழுக்கல்ல என்பவனுக்கு 'மறுபடி' ஏது? பெயரிடுதலிலேயே குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிடுகிறது. (நம்மூர்ப் போலீஸ் அறிக்கைகளின் சொல்லாடலை இந்தக் கோணத்தில் ஆராய யாராவது ஆய்வு மாணவர் முன்வந்தால் நல்லது.) மறுமுழுக்குக்கு மரணம் என்று 1526இல் நகர சபை அறிவித்தது. 1527 ஜனவரியில் ஃபெலிக்ஸ் மான்ஸைக் கட்டி லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்தார்கள். தண்ணீரால் குற்றம் செய்தவனுக்குத் தண்ணீராலேயே தண்டனை!

அப்படி என்னதான் பண்ணிவிட்டார்கள்? குழந்தை ஞானஸ்நானத்தை வெறும் சடங்காகப் பார்த்தால் இது விளங்காது. பிறப்பதையும் ஊரின், சபையின் உறுப்பினராவதையும் ஒன்றாக்கிவைத்த கண்ணி அது. அதை அறுத்தால், இந்தச் சமூகத்தில் நான் இருப்பது என் சம்மதத்தால் என்றாகிவிடும். சம்மதத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் முடியும். 1527இல் ஷ்லைட்ஹைமில் கூடியவர்கள் இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள்: வாள் ஏந்தமாட்டோம், சத்தியம் செய்யமாட்டோம். அன்றைய நகரங்கள் பலவும் குடிமக்கள் ஆண்டுதோறும் கூடிச் செய்த சத்தியத்தால் கட்டப்பட்டிருந்தவை. ஆயுதம் தூக்கினவனை அடக்க அரசுக்குத் தெரியும். சத்தியம் பண்ண வரமாட்டேன் என்று வீட்டிலிருப்பவனை என்ன செய்வது? இயற்கைபோலத் தோற்றம் காட்டும் ஒழுங்கு, ஒவ்வொரு வருஷமும் புதுப்பித்தாக வேண்டிய ஓர் ஏற்பாடு என்பது அவன் ஒருத்தன் வராததால் வெளியே தெரிந்துவிடுகிறது. ஷ்லைட்ஹைம் வாசகங்களை வரைந்த மிக்கேல் ஸாட்லரை அதே ஆண்டு நாக்கை அறுத்து எரித்தார்கள். அவர்மேல் சுமத்திய குற்றங்களில் ஒன்று, துருக்கியர் படையெடுத்து வந்தாலும் எதிர்த்துப் போரிடக்கூடாது என்று சொன்னது. சண்டை போடமாட்டேன் என்றதற்காக அஞ்சப்பட்ட மனிதர்!

இன்னொரு விஷயம். மான்ஸும் கொன்ராட் க்ரேபெலும் எங்கிருந்தோ வந்தவர்களல்லர். சூரிச்சின் சீர்திருத்தவாதி ஸ்விங்லியோடு உட்கார்ந்து கிரேக்கம் படித்தவர்கள். வேதம் ஒன்றே அதிகாரம் என்று அவர் சொன்னார். அப்படியானால் குழந்தை ஞானஸ்நானம் வேதத்தில் எங்கே இருக்கிறது என்று இவர்கள் கேட்டார்கள். அவரோ நகர சபையின் ஒப்புதலுக்குக் காத்திருந்தார். கட்சித் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பவன்மேல் வருகிற எரிச்சல் எதிர்க்கட்சிக்காரன்மேல் வருவதில்லை. இயக்கங்களில் இருந்த நண்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அர்ஜுன் அப்பாதுரை 2006இல் வெளியிட்ட நூலில், பெரும்பான்மைக்கும் முழுமைக்கும் நடுவிலுள்ள சிறு இடைவெளியை நினைவூட்டுவதால்தான் சிறுபான்மை வெறுக்கப்படுகிறது என்கிறார். உபயோகமான கருத்து. ஆனால் அவருடைய கவனம் பெரும்பாலும் இன, மதச் சிறுபான்மையினர் மீது. உள்ளேயே பிறந்து, நம் பிரதியை நம்மைவிடக் கறாராக வாசிக்கும் மற்றமையை இது முழுதாக விளக்கவில்லை. நாம் செய்துகொண்ட சமரசங்களின் கணக்கு அவனிடம் இருக்கிறது.

1529இல் ஸ்பேயரில் பேரரசின் சபை கூடியது. லூதர் பக்கத்து இளவரசர்கள் கத்தோலிக்கத் தரப்பை எதிர்த்து ஆட்சேபம் கொடுத்ததும் 'புராட்டஸ்டண்ட்' என்ற பெயர் பிறந்ததும் அங்கேதான். இப்படி அடித்துக்கொண்ட இரு தரப்பும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போயின: மறுமுழுக்குக்கு மரண தண்டனை. ஹெஸ்ஸேயின் ஃபிலிப் போன்ற ஓரிருவர் அதை நிறைவேற்ற மனமில்லாமல் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ம்யூன்ஸ்டர் வந்தது இதற்கு ஐந்தாண்டு கழித்துத்தான். அதை நான் பூசி மெழுகப்போவதில்லை. 1534இல் நகரைப் பிடித்த அனபாப்டிஸ்டுகள் மறுமுழுக்கை ஏற்காதவர்களைக் குளிரில் வெளியே துரத்தினார்கள். சொத்தைப் பொதுவாக்கினார்கள்; பலதார மணத்தைக் கட்டாயமாக்கினார்கள். தன்னை ராஜாவாக்கிக்கொண்ட யான் வான் லெய்டன் தன் மனைவியரில் ஒருத்தியைப் பொது இடத்தில் தலை வெட்டினான். 1535இல் நகரம் விழுந்தது. மறு ஆண்டு அவனையும் இருவரையும் சித்திரவதை செய்து கொன்று, உடல்களை இரும்புக் கூண்டுகளில் வைத்துத் தேவாலயக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். கூண்டுகள் இன்றும் அங்கே தொங்குகின்றன. இவர்கள் வேறு கிளை, உலக முடிவைப் போதித்த மெல்கியோர் ஹாஃப்மனின் வழி வந்தவர்கள். ஆனால் வாளைக் கீழே போடு என்று உள்ளிருந்தே சொல்லும் தகுதி பெற்ற மான்ஸும் ஸாட்லரும் அதற்குள் கொல்லப்பட்டிருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் ம்யூன்ஸ்டரைக் காட்டி 1529ஐ நியாயப்படுத்தினார்கள். ஆண்டுகளை யாரும் சரிபார்க்கவில்லை.

அவர்களில் மென்னோ சைமன்ஸின் வழி வந்தவர்களும் ஹட்டரைட்டுகளும் நிலத்தை உழுதுகொண்டு நாடுநாடாகப் போனார்கள். 1918இல், முதல் உலகப்போரின்போது, அமெரிக்காவில் ஹட்டரைட் இளைஞர் நான்குபேர் ராணுவச் சீருடை அணிய மறுத்துச் சிறைக்குப் போனார்கள். முதலில் அல்காட்ராஸ், பிறகு லெவன்வொர்த். இருவர் அங்கேயே இறந்தார்கள். ஒருவரின் மனைவி சவப்பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தபோது உடலுக்குச் சீருடை மாட்டியிருந்தது.