ஆட்கொல்லிப் புலி: மூன்று நூல்கள் சொல்லும் மூன்று விடைகள்

வனத்தையொட்டிய ஓர் ஊரில் புலி தாக்கி ஒருவர் உயிரிழந்தால், அன்றைய பொழுது சாய்வதற்குள் இரண்டு கோரிக்கைகள் எழுகின்றன. புலியைச் சுட்டுக் கொல்ல வேண்டும் என்று ஊர்மக்கள் சாலையில் அமர்கின்றனர். அதனை உயிருடன் பிடிக்க வேண்டும் என்று வனவிலங்கு ஆர்வலர்கள் வலியுறுத்துகின்றனர். இரு தரப்புக்கும் இடையே வனத்துறை முடிவெடுக்க வேண்டியுள்ளது.

இந்த முடிவுக்கான வழி, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் வகுக்கப்பட்டுள்ளது. புலி, சிறுத்தை, யானை உள்ளிட்ட முதல் பட்டியல் விலங்குகள் மனித உயிருக்கு ஆபத்தானவையாக மாறிவிட்டாலோ, மீள முடியாத அளவு ஊனமோ நோயோ உற்றாலோ மட்டுமே அவற்றைக் கொல்ல அனுமதிக்கலாம். அதிலும், அவ்விலங்கைப் பிடிக்கவோ, மயக்கவோ, வேறிடத்திற்கு மாற்றவோ இயலாது என்பதில் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் நிறைவடைய வேண்டும். காரணங்களை எழுத்துப்பூர்வமாகப் பதிவு செய்ய வேண்டும்.

புலி ஏன் மனிதரைத் தாக்குகிறது, அது இயல்பில் எதை உண்கிறது, வனத்தில் மனிதருக்கு உள்ள பங்கு என்ன ஆகிய மூன்று கேள்விகளே இந்த விவாதத்தின் அடிப்படை. இவற்றுக்கு இந்தியாவின் மூன்று வனங்களில் இருந்து மூன்று நூல்கள் விடையளித்துள்ளன.

குமாவுன்: புலி ஏன் ஆட்கொல்லியாகிறது?

நைனிதாலில் 1875-ஆம் ஆண்டு பிறந்த ஜிம் கார்பெட் எழுதிய ‘குமாவுனின் ஆட்கொல்லிகள்’ எனும் ஆங்கில நூல் 1944-இல் வெளியானது. வேட்டை நூலாகவே அது பரவலாக வாசிக்கப்பட்டது. எனினும், புலியின் தரப்பை முன்வைக்கும் விளக்கத்துடனேயே அது தொடங்குகிறது. மனிதன் புலியின் இயல்பான இரை அல்ல. பத்தில் ஒன்பது ஆட்கொல்லிகள் காயத்தினாலும், எஞ்சிய ஒன்று முதுமையினாலும் அந்நிலைக்குத் தள்ளப்படுகின்றன என்பதே அவரது கணிப்பு.

இதற்கு அவர் காட்டும் சான்றுகள் உடற்கூறு சார்ந்தவை. நேபாளத்திலும் குமாவுனிலும் சேர்த்து 436 பேரைக் கொன்றதாகக் கூறப்படும் சம்பாவத் பெண்புலி 1907-இல் வீழ்த்தப்பட்டது. அதன் வலப்புறக் கோரைப்பற்களில் மேற்பல் பாதியாகவும், கீழ்ப்பல் எலும்பு வரையிலும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயமே அதற்குக் காரணம். முக்தேசரின் பெண்புலியோ முள்ளம்பன்றியுடனான மோதலில் ஒரு கண்ணை இழந்து, முன்னங்காலில் ஏராளமான முட்கள் தைத்து, வேட்டையாட இயலாத நிலையில் இருந்தது. ஆட்கொல்லியை உருவாக்குவதில் மனிதனின் குறி தவறிய தோட்டாவுக்கும் பங்குண்டு என்பதை வாசகர்கள் இந்நூலின் வழியே அறிந்தனர்.

அதே நூலில் மலைக்கிராம மக்களின் அச்சமும் பதிவாகியுள்ளது. கார்பெட் சென்றடைந்தபோது, பாலி என்ற சிற்றூரின் மக்கள் ஐந்து நாள்களாகக் கதவைத் தாழிட்டு உள்ளேயே முடங்கிக் கிடந்தனர். புலிக்கு இரையானவர்களில் பலர் புல்லறுக்கவும் விறகு பொறுக்கவும் சென்ற பெண்கள். வீட்டுத் தேவைக்காக நாள்தோறும் வனத்திற்குள் செல்ல வேண்டியவர்களே முதலில் பலியாகின்றனர் என்ற உண்மை இன்றும் மாறவில்லை.

கான்ஹா: புலி உண்மையில் எதை உண்கிறது?

அனுபவக் குறிப்புகளுக்கு அடுத்த கட்டமாக அறிவியல் ஆய்வு வந்தது. மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா வனத்தில் 1963 முதல் 1965 வரை தங்கியிருந்த ஜார்ஜ் ஷாலர், ‘மானும் புலியும்’ எனும் ஆங்கில நூலை 1967-இல் வெளியிட்டார். புலியைச் சுட்டு வீழ்த்துவது பெருமையாகக் கருதப்பட்ட காலத்தில், அவர் புலியின் எச்சங்களைச் சேகரித்து, அவற்றில் இருந்த முடிகளையும் எலும்புத் துண்டுகளையும் கொண்டு இரையை அடையாளம் கண்டார்.

புள்ளிமான், கடமான், சதுப்புநில மான், காட்டெருது ஆகியவற்றைச் சார்ந்தே புலி வாழ்கிறது என்பதும், கால்நடைகளும் அதற்கு இரையாகின்றன என்பதும் இதனால் தெளிவாயின. மான்கள் குறைந்தாலோ, மேய்ச்சல் மாடுகள் வனத்திற்குள் பெருகினாலோ புலி மாட்டை நாடும். மாட்டைத் தேடி வரும் புலி மனிதரின் பாதையில் குறுக்கிடும். ஆகவே, புலியை மட்டும் தனியே காப்பாற்ற இயலாது. புல்வெளி, மான், புலி என்ற சங்கிலியை முழுமையாகக் காக்க வேண்டும் என்ற புரிதல் வலுப்பெற்றது.

சுந்தரவனம்: மனிதருக்கு என்ன பங்கு?

மூன்றாவது நூல் இவ்விரண்டுக்கும் முற்பட்டது. ‘போன்பீபி ஜொஹுரானாமா’ எனும் வங்காளக் கதைப்பாடல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சேறியது. மொழி வங்காளமாக இருப்பினும், அரபு நூல்களைப் போல் அதன் பக்கங்கள் வலமிருந்து இடமாகத் திருப்பப்படுகின்றன.

தேன் எடுக்கச் செல்லும் தோனா என்பவர், துக்கே எனும் ஏழைச் சிறுவனை உடன் அழைத்துச் செல்கிறார். புலி வடிவெடுக்கும் தொக்கின் ராய், தேனும் மெழுகும் தருவதற்கு ஈடாகச் சிறுவனைக் கேட்கிறான். பேராசையால் தோனா அவனைத் தீவில் விட்டுச் செல்ல, வனத்தின் காவல்தேவியான போன்பீபி சிறுவனைக் காக்கிறாள். இறுதியில் ஓர் உடன்பாடு ஏற்படுகிறது. தேவைக்கு மேல் எடுக்காதவர்களும், வெறுங்கையுடனும் தூய மனத்துடனும் வருபவர்களும் மட்டுமே வனத்திற்குள் நுழையலாம் என்பதே அதன் சாரம். இந்து, இஸ்லாமிய மீனவர்களும் தேன் சேகரிப்போரும் இன்றளவும் போன்பீபியை வணங்கிவிட்டே படகேறுகின்றனர்.

எனினும், சுந்தரவனத்தின் நடைமுறை கதையைப் போல் எளிதல்ல. 2010-இல் வெளியான மானுடவியலாளர் அன்னு ஜலேயின் ஆய்வு நூல், புலிக்குத் தரப்படும் மதிப்பு தங்களுக்குத் தரப்படவில்லை என்ற தீவுவாசிகளின் மனக்குறையை விரிவாகப் பதிவு செய்தது. புலியிடம் கணவனை இழந்த பெண்கள் ‘கணவனை விழுங்கியவள்’ என்ற பழிச்சொல்லையும் சுமக்கின்றனர். வனத்துறையின் அனுமதிச் சீட்டு இன்றியோ, தடை செய்யப்பட்ட மையப் பகுதியிலோ மரணம் நேர்ந்தால் இழப்பீடு பெறுவதும் கடினமாகிறது.

நூல்களில் இருந்து சட்டம் வரை

1972-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டில் ஏறக்குறைய 1,800 புலிகளே எஞ்சியிருந்தன. அவ்வாண்டிலேயே பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1973 ஏப்ரல் 1 அன்று கார்பெட் தேசியப் பூங்காவில் புலிகள் திட்டம் தொடங்கப்பட்டது. முதற்கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது காப்பகங்களில் கார்பெட், கான்ஹா, சுந்தரவனம் ஆகிய மூன்றும் இடம்பெற்றன.

2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி புலிகளின் எண்ணிக்கை 3,682. இந்த வெற்றியின் மறுபக்கமாக, காப்பக எல்லைகளுக்கு வெளியே மனிதரும் புலியும் எதிர்கொள்ளும் தருணங்கள் கவலையளிக்கின்றன. வனவிலங்கு தாக்கி உயிரிழப்போரின் குடும்பத்திற்கான நிவாரணத் தொகையை மத்திய அரசு 2023 டிசம்பரில் 5 லட்சம் ரூபாயில் இருந்து 10 லட்சம் ரூபாயாக உயர்த்தியது.

மூன்று நூல்களும் ஒரே விடையைத் தரவில்லை. தாக்கிய விலங்கின் உடல்நிலையை ஆராய வேண்டும் என்கிறது முதல் நூல். வனத்தில் இரை போதுமானதாக உள்ளதா எனக் காண வேண்டும் என்கிறது இரண்டாவது. வனத்தை நம்பி வாழும் ஏழையின் பங்கை மறுக்காமலும், அவரது தேவைக்கு அளவு வகுத்தும் உடன்பாடு காண வேண்டும் என்கிறது மூன்றாவது. சட்டத்தின் 11-ஆவது பிரிவு முதல் கேள்விக்கு இடமளிக்கிறது. காப்பக மேலாண்மை இரண்டாவது கேள்விக்கு விடை தேடுகிறது. விறகுக்கும் தேனுக்கும் வனத்திற்குள் செல்வோரின் பாதுகாப்பு என்ற மூன்றாவது கேள்வியே இன்னமும் முழுமையான விடைக்குக் காத்திருக்கிறது.