வெண்மை கெடாத கிதார்

மேப்பிள் மரத்தின் வெண்மை அப்படியே இருக்கவேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஆளிவிதை எண்ணெய் பக்கமே போகாதீர்கள் என்பதுதான். பூசியவுடனே மரம் தேன்நிறம் காட்டும். ஆண்டுகள் போகப்போக மஞ்சள் கூடும். பழைய கிதார்களில் இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரும் அந்த வழிதான். அந்த மஞ்சளுக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் மயக்கமில்லை.

வெளிர் மரத்துக்கு நான் எடுப்பது தண்ணீர் கலந்த அக்ரிலிக் லாக்கர். நிறம் ஏறாது. ஆனால் ஈரம் பட்டதும் மரத்தின் நார் சிலிர்த்து நிற்கும். காயவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த பூச்சு.

ஈட்டி மரம் வேறு ஜாதி. அக்ரிலிக்கை நேராகப் பூசினால் வெளிறிப்போன மாதிரி தெரியும். அதனால் அடியில் மெழுகு நீக்கிய அரக்கு ஒரு பூச்சு தருவேன். ஜார்க்கண்ட் காடுகளில் பூச்சி சுரக்கிற அதே அரக்கு, ஸ்பிரிட்டில் கரைத்தது. இங்கேதான் கவனம் வேண்டும். ஸ்பிரிட் ஈட்டியின் சாயத்தையும் கரைத்துவிடும். துணியை ஓரம்வரை இழுத்தால், கிதாரின் விளிம்பில் பதித்திருக்கும் மேப்பிள் பட்டையில் கறை படியும். அந்தப் பட்டைக்கு முதலில் சின்னத் தூரிகையால் அரக்கைத் தனியாகப் பூசிக் காயவிடுவது நல்லது.

வெயிலை எந்தப் பூச்சும் முழுதாகத் தடுக்காது. படாக் மரத்தின் சிவப்பு பழுப்பாகும். ஸ்ப்ரூஸ் மரம் பூச்சில்லாமலே மஞ்சளேறும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சேர்மானம் அதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். சந்தேகமிருந்தால், மீந்த துண்டில் பூசி, பாதியை அட்டையால் மூடி, சன்னலோரம் சில வாரம் வைத்துப் பாருங்கள்.